ஜெர்மன் சார் எழுதிய பதினோராம் விதி

தன் கையால் எழுதிய சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு வீட்டைக் காலி செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் திண்டுக்கல்லில், எங்கள் காம்பவுண்டில், ரோட்டைப் பார்த்த முதல் போர்ஷனில் குடியிருந்தார். இல்லை, இன்னொருத்தர் உண்டு என்று யாராவது கடிதம் போட்டால் நம்பமாட்டேன். அப்படி ஒரு கிறுக்கை இந்த பூமி இரண்டாவது தடவை தாங்காது.

பெயர் ஜெர்மன் சார். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. ஜெர்மனிக்குப் போய் வந்தவரோ என்று கேட்காதீர்கள். வெளியூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர் வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவார். அவர் பார்த்த வெளிநாடு அம்புட்டுத்தான்.

அந்த நூலகத்தில் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்ததாம். ஜெர்மனியில் அந்தக் காலத்துச் சட்டப் புத்தகங்கள் எப்படி உண்டாயின என்பது விஷயம். அவர் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன், ஒரு வாத்தியார், அதை எடுத்தது கிடையாது. பாவமாக இருக்கிறதே என்று இவர் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரயிலில் போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம். ரிட்டயர் ஆகிற சமயம் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்தார்கள். மற்றவர்கள் சால்வையோடு வீட்டுக்குப் போவார்கள், இவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சனி.

நான் அப்போது கோர்ட்டுக்கு எதிரில் ஒரு டிடிபி கடையில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை. மில் பஸ்ஸுக்கு அவரை அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, நான் கேட்டைத் தாண்டுவதற்குள் ஜெர்மன் சார் பிடித்துக்கொள்வார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஊர் வழக்கம்தான் சட்டமாம். அது எழுத்தில் கிடையாதாம், ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஞாபகத்தில் இருந்ததாம். தகராறு வந்தால் அவர்களைக் கூப்பிட்டு "வழக்கம் என்ன?" என்று கேட்பார்களாம். அப்போது ஒரு குதிரைவீரன், ராஜாவும் கேட்காமல் மந்திரியும் கேட்காமல், தானாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினானாம். முதலில் லத்தீனில். பிறகு ஒரு பிரபு நச்சரித்ததால், சிரமப்பட்டு, ஊர்க்காரன் பேசுகிற பாஷையில். அந்த மாதிரிப் புத்தகங்களுக்குக் கண்ணாடி என்றே பேர் வைத்தார்களாம். மூஞ்சி எப்படி இருக்கிறதோ அப்படிக் காட்ட வேண்டும், மருவை மறைக்கக் கூடாது என்பார். எனக்கு டவுன் பஸ் போயிருக்கும்.

அந்தச் சட்டப் புத்தகங்களில் சிலவற்றில் படம் போட்டிருப்பார்களாம், எழுத்துத் தெரியாதவனுக்கும் புரிவதற்காக. ஒருவனே வாங்குகிறான், கொடுக்கிறான், சத்தியம் செய்கிறான் என்று காட்ட ஒரே ஆளுக்கு நாலு கை வரைந்துவிடுவார்கள். அதில் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வீட்டு வாசலில் ஒட்டினார். இரண்டாவது போர்ஷன் பிச்சையம்மாள் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வாங்கி வந்து வீடு வீடாக விற்கிறவர். ஒரு நாள் கூடையை இறக்கிவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். வேதக்காரர் வீட்டில் நாலு கை சாமி என்று தெருவெல்லாம் பேச்சு. பங்குச் சாமியார் வரை புகார் போய், ஜெர்மன் சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சர் அதைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஸ்டெல்லா டீச்சர் தையல் டீச்சர். அவர் பொறுமைக்குச் சிலை வைக்கலாம். அந்த ஜெர்மன் சட்டப்படி வீட்டில் இருக்கிற தலையணை, மெத்தை, பெட்டி, நூல், வாத்து எல்லாம் பெண்ணுடைய சொத்து. அவள் செத்தால் பெண் உறவுக்குத்தான் போகும். குதிரையும் வாளும் ஆணுடையது. இதை ஜெர்மன் சார் வாரம் ஒரு தடவை டீச்சருக்கு எடுத்துச் சொல்வார். குதிரைக்கு அவர் வைத்திருந்தது ஒரு பழைய மொபெட், வாளுக்கு ஒரு குடை.

"எனக்கு வாத்து வேணாம். நீங்க செத்த நேரம் வாய மூடுங்க, அது போதும்" என்பார் டீச்சர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இப்படியே போயிருந்தால் நல்லா இருந்திருக்கும். தண்ணீர் விடவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். ஆறு போர்ஷனுக்கும் ஒரே குழாய். ஒரு கோடையில் பிச்சையம்மாளுக்கும் ஆறாவது போர்ஷனுக்கும் சண்டை. குடத்துக்குப் பதிலாக வரிசையில் கல் வைத்தால் செல்லுமா என்பது வழக்கு. செல்லும் என்றார் பிச்சையம்மாள், செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டே. போலீஸ் வரவேண்டிய நேரத்தில் ஜெர்மன் சார் நோட்டோடு வந்து நின்றார். சண்டை போட வேண்டாம், வழக்கம் என்ன என்று ஆளாளுக்குச் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன் என்றார்.

இரண்டு மாசம் எழுதினார். ஒவ்வொரு வீடாகப் போவார், ஒரே கேள்வியை ஐந்து பேரிடம் கேட்பார், ஐந்தும் ஒத்துவந்தால்தான் பேனா மூடியைத் திறப்பார். முதல் விதி: வரிசையில் கல் குடத்துக்குச் சமம், செருப்பு சமமில்லை. இரண்டாம் விதி: சாவு விழுந்த வீட்டுக்கு முதல் குடம். மூன்றாம் விதி: குழாயில் யாரும் மோட்டார் போடக் கூடாது, ஓனராக இருந்தாலும். இது எப்படி வழக்கமானது என்றால், பெரிய ஓனர் ஒரு காலத்தில் மோட்டார் மாட்ட வந்தபோது பிச்சையம்மாள் விளக்குமாற்றோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் மாட்டவில்லை.

பதினோராம் விதியைச் சொன்னது நான். இதை எங்கேயும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

"சார், வீட்டுல பொம்பள இல்லாம ஆம்பளையத் தனியா இங்க வைக்கிறதில்ல. அதையும் எழுதிக்கங்க."

"அது நல்ல வழக்கமா தாயி?"

"நல்லதோ கெட்டதோ, வழக்கம் அதான்."

ஜெர்மன் சார் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டா அது எம் புஸ்தகமாப் போயிரும், உங்க புஸ்தகமா இருக்காது" என்று சொல்லி எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பெண் இல்லாத வீட்டில் ஆண் தனியே குடியிருக்கக் கூடாது, முப்பது நாளுக்குள் காலி செய்ய வேண்டும். முப்பது நாள் எங்கிருந்து வந்தது, நான் சொல்லவில்லையே என்றேன். காது கேட்காதவர் மாதிரி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் மனதில் வைத்துச் சொன்னது முன்பு நாலாவது போர்ஷனில் இருந்த மில்காரரை. அவர் மனைவி தவறிப்போனபோது காலி செய்யச் சொன்னது நிஜம். ஆனால் சொல்லிவிட்டு எட்டு மாசம் யாரும் அவரை நெருக்கவில்லை. பிச்சையம்மாள் வீட்டிலிருந்து வெஞ்சனம் போகும், என் வீட்டிலிருந்து ரசம் போகும். நல்ல வீடு கிடைத்துத்தான் போனார். அதுவும் வழக்கம்தான். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, டைப் அடிக்கிறவளுக்கு எல்லாம் ஒரு வரியில் முடிய வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சாபம் எழுதினார். அந்தக் குதிரைவீரனும் தன் புத்தகத்தில் எதையாவது சேர்த்துத் திரிக்கிறவனுக்குக் குஷ்டம் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறானாம். இவரும் குஷ்டம் என்றுதான் எழுதினார். ஸ்டெல்லா டீச்சர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் குழந்தை குட்டி இருக்கிற இடம், குஷ்டமெல்லாம் வேண்டாம், வேண்டுமானால் அரிப்பு என்று போடுங்கள் என்றார். அப்படியே, சேர்ப்பவருக்கும் எடுப்பவருக்கும் கையில் தீராத அரிப்பு உண்டாகக் கடவது என்று திருத்தினார். காம்பவுண்டே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்த வருஷம்தான் பெரிய ஓனர் காலமானார். வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர், கைநாட்டு, நல்ல மனிதர். மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன ஓனர் படித்தவர், எதற்கும் போர்டு வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர். நோட்டைக் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, என் கடைக்கே வந்தார்.

"அக்கா, மேல பெருசா 'அய்யா அருளிய காம்பவுண்டு விதிகள்'னு போடுங்க. அப்பா போட்டோவுக்கு எடம் விட்ருங்க. அந்தச் சாபம் கீபமெல்லாம் வேணாம், தூக்கிருங்க."

அய்யா தன் பெயரையே அருளியதில்லை, கட்டை விரலைத்தான் அருளினார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டு ஓனர், வந்த வேலை. அடித்தேன். தலைப்பைச் சேர்த்தேன், சாபத்தை எடுத்தேன். சுற்றிப் பூப்போட்ட பார்டர் நானாகப் போட்டேன், யாரும் கேட்கவில்லை. லேமினேஷன் ஆகி வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேட்டுக்கு உள்பக்கம், மாலை போட்ட போட்டோவோடு போர்டு ஏறியது. ஜெர்மன் சார் கொதிப்பார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டைத் தாண்டினேன். மனிதர் போர்டுக்கு முன்னால் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நிற்கிறார்.

"பாத்தியா தாயி, அங்கயும் இப்பிடித்தான். தன்னால ஒருத்தன் எழுதுனதச் சக்கரவர்த்தி குடுத்ததுன்னு சொல்லித்தான் ஊரெல்லாம் ஏத்துக்கிட்டாங்க. நம்ம நோட்டுக்கு ரெண்டே மாசத்துல சக்கரவர்த்தி கெடச்சிட்டாரு."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள். உழைத்தது இவர், பேர் கைநாட்டுக்கு. அதில் இவருக்குச் சந்தோஷம்.

அடுத்த கோடையில் சின்ன ஓனர் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரோடு வந்தார். பிச்சையம்மாள் இந்தத் தடவை விளக்குமாறு எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் போர்டுக்கு முன்னால் நிறுத்தி, எனக்கு எழுத்துத் தெரியாதுப்பா, உங்க அப்பா மூணாவதா என்ன சொல்லியிருக்காருன்னு வாசிச்சுச் சொல்லு என்றார். ஆறு போர்ஷனும் கூடி நின்றது. அப்பா சொல்லவில்லை என்று மகன் எப்படிச் சொல்வார்? மோட்டார் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. நாங்கள் அன்றைக்குக் கேசரி கிண்டினோம். ஆனால் சின்ன ஓனர் அன்றைக்கு மூன்றாம் விதியோடு நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போனார். முன்பக்க போர்ஷனில் பிரியாணிக் கடை வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஜெர்மன் சார் நகரவில்லை, நகர்த்த வழியும் இல்லாமல் இருந்தது.

ஆடி பிறந்து சில நாளில் ஸ்டெல்லா டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அவ்வளவுதான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. ஜெர்மன் சார் குடத்தோடு வந்து வரிசைக் கடைசியில் நின்றார். ஒவ்வொருவராகக் குடத்தை நகர்த்தி வழிவிட்டோம். சாவு விழுந்த வீட்டுக்கு முதல் குடம். அவர் எழுதிய புத்தகம் அவருக்குச் செய்த ஒரே நல்லது அந்த ஒரு குடம் தண்ணீர்.

பத்தாம் நாள் சின்ன ஓனர் வந்தார். மரியாதையாக உட்கார்ந்து, டீச்சரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசி, நான் என்ன சார் பண்றது, அப்பா போட்ட விதி, இன்னும் இருபது நாள் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்படக்கூட இடம் கொடுக்கவில்லை, படுபாவி.

நான் ஜெர்மன் சாரிடம் ஓடினேன். "சார், போர்டுக்கு முன்னால நின்னு சொல்லுங்க, இது அய்யா எழுதுனது இல்ல, நான் எழுதுனதுன்னு. நோட்டு உங்க கையெழுத்துல இருக்கு. டைப் அடிச்சவ நான், சாட்சி சொல்றேன்."

அவர் டீச்சரின் தையல் மிஷினில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"சொன்னா பதினொண்ணு போயிரும் தாயி. மூணும் சேந்து போயிரும்ல. அய்யா சொன்னதுங்கிறதாலதான அவன் கை கட்டிக் கெடக்கு. இது வெறும் எம் நோட்டுன்னு தெரிஞ்சா அடுத்த வாரமே மோட்டார் வந்துரும். அப்பறம் பிச்சையம்மா எங்க போவா, நீ எங்க போவ?"

என் வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். வேண்டாம் சார், மோட்டார் வந்தால் வரட்டும், நீங்கள் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழாயை நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பிச்சையம்மாளும் சொல்லவில்லை, ஆறாவது போர்ஷனும் சொல்லவில்லை. போர்டு அடித்தது வேலை. இந்தச் சும்மா நின்றதுதான் துரோகம்.

அவரே பேச்சை மாற்றினார். "அந்த முப்பது நாளு உங்க வழக்கத்துல இல்ல, நானாச் சேத்தது. அங்க புருசன் செத்தா பொண்டாட்டிய முப்பதாம் நாள் வரைக்கும் வீட்ட விட்டு வெரட்டக் கூடாதுன்னு இருக்கு. எவனோ ஒரு பாவப்பட்டவன் பின்னால வருவான், அவனுக்கு ஆகட்டும்னு போட்டேன். சேக்கிறவனுக்குத்தான சாபம். பாரு, எனக்கே பலிச்சிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்த இடத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தார். டீச்சருடைய சாமான்களை வாசலில் பரப்பினார். பெண்ணுடைய பொருள் பெண்ணுக்குத்தான், அதுதான் சட்டம் என்று எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். குழாயடி வரிசை மாதிரியே நின்றோம். பிச்சையம்மாளுக்கு மெத்தை. ஆறாவது போர்ஷனுக்குப் பெட்டி. தையல் மிஷின் டீச்சரின் தங்கை மகளுக்கு. என் முறை வந்தபோது டீச்சர் பூ வேலை செய்த தலையணை ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "போர்டு நல்லா அடிச்சிருந்த தாயி. ஒரு எழுத்துப் பெசகு இல்ல" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே பாராட்டுகிறார். கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தனக்கு மொபெட்டையும் குடையையும் அந்தத் தடித்த புத்தகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் இருக்கிற தங்கை மகன் வீட்டுக்குக் கிளம்பினார். குடையைப் பின்னால் கட்டியிருந்தார். கேட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, போர்டை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டுப் போனார்.

முன்பக்கம் இப்போது பிரியாணிக் கடை. மத்தியானம் கூட்டம் நெரிகிறது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொட்டலம் வாங்கி வந்துவிட்டார், வாயில் வைத்தேன். ருசி நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். போர்டு அப்படியே தொங்குகிறது. மூன்றாம் விதிக்குப் பயந்து இன்றுவரை மோட்டார் வரவில்லை. நாங்கள் ஐந்து வீடும் தண்ணீர் பிடித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம்.

போன மாசம் பாலசமுத்திரத்திலிருந்து அந்தத் தங்கை மகன் போன் பண்ணினார். "ஏனுங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்க. இவரு நோட்ட எடுத்துக்கிட்டுத் தோட்டந் தோட்டமாப் போயி, வாய்க்காத் தண்ணி யாருக்கு மொதல்ல விடுவீங்கன்னு கேட்டுட்டுத் திரியறாருங்க. எங்களுக்கு மானம் போகுதுங்க."

எழுதட்டும், ஆனால் முதல் பக்கத்தில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள் என்றேன். நிஜப் பெயரைத்தான் போட வேண்டும் என்றும் சொன்னேன். அது என்னவென்று அந்தத் தங்கை மகனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் குடியிருந்தும் எனக்குத் தெரியாது.

என் வலது கையில், டெலிட் பொத்தானை அமுக்குகிற விரலில், அந்த ஆடியிலிருந்து ஒரு அரிப்பு இருக்கிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இந்த ஆயின்மென்டைப் பத்து நாள் தடவினால் போய்விடும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். வாங்கிவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. ஜெர்மன் சார் எனக்கென்று எழுதியது, இருந்துவிட்டுப் போகட்டும்.